கேச்: பழைய தகவலை எவ்வளவு நேரம் காட்டலாம்?

ஓர் இணையப் புத்தகக் கடையில் ஏதோ ஒரு புத்தகத்தின் பக்கத்தைத் திறக்கிறோம். அட்டைப்படம், நூல் அறிமுகம், விலை, கையிருப்பு, வாசகர் மதிப்புரைகள் வருகின்றன. மேல் மூலையில் நம் பெயரும், கூடையில் எத்தனை புத்தகம் என்ற எண்ணும் இருக்கின்றன. இந்த ஒரு பக்கத்துக்காக சர்வர் டேட்டாபேஸில் ஆறேழு குவரி (தகவல் கேட்கும் கட்டளை) ஓட்டியிருக்கும். அடுத்த நொடியே இன்னொருவர் அதே பக்கத்தைத் திறந்தால் அத்தனையும் மறுபடி ஓடும். பதில் பெரும்பாலும் எழுத்து மாறாமல் அதேதான். ஒருமுறை கிடைத்த பதிலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, அடுத்துக் கேட்பவருக்கு அதையே எடுத்துக் கொடுப்பதுதான் கேச்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் "ரெடிஸ் போடலாமா, சிடிஎன் போடலாமா" என்று கருவிகளின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் ஒவ்வொரு தகவலைப் பற்றியும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இது பழையதாக இருந்தால் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ளலாம்? இது எல்லோருக்கும் ஒன்றா, ஆளுக்கு ஆள் மாறுமா? கேச் என்றாலே, ஒரு சிலருக்குக் கொஞ்ச நேரம் பழைய தகவலைக் காட்டத் துணிகிறோம் என்றுதான் பொருள். எவ்வளவு பழையது, யாருக்கு என்று முடிவு செய்யாமல் கேச் போட்டால், அந்த முடிவைத் தற்செயல் எடுக்கும்.

நம் புத்தகக் கடையிலேயே பார்ப்போம். அட்டைப்படம் ஒரு வருடம் அப்படியே இருந்தாலும் பாதகமில்லை. நூல் அறிமுகம் ஒரு மணி நேரம் பழையதாக இருக்கலாம். விலையைப் பக்கத்தில் காட்ட 5 நிமிடப் பழையது போதும். ஆனால் பணம் கட்டும் படியில் கேச்சைத் தொடாமல் டேட்டாபேஸிலிருந்தே எடுக்க வேண்டும். கையிருப்பும் அப்படித்தான்: பக்கத்தில் 30 நொடி, ஆர்டரை உறுதி செய்யும்போது நேரடி வாசிப்பு. வாடிக்கையாளர் பெயரும் கூடையும் பொதுக் கேச்சின் பக்கமே போகக்கூடாது. இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி முடித்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு சதவீதம் சின்ன எண் இல்லை

கேட்டது கேச்சில் இருந்தால் ஹிட், இல்லாவிட்டால் மிஸ். டேட்டாபேஸ் பதிலுக்கு 50 மில்லிநொடி, கேச் பதிலுக்கு 1 மில்லிநொடி என்று வையுங்கள். 90 சதவீதம் ஹிட் என்றால் சராசரி சுமார் 6 மில்லிநொடி. 99 சதவீதம் என்றால் சுமார் 1.5 மில்லிநொடி. இந்த வேகம் எல்லோர் கண்ணிலும் படும். டேட்டாபேஸின் மேல் விழும் சுமையைப் பலர் பார்ப்பதில்லை. நொடிக்கு 1000 கோரிக்கை வரும் தளத்தில் 99 சதவீத ஹிட் இருந்தால் டேட்டாபேஸுக்குப் போவது வெறும் 10. ஹிட் 98 ஆகக் குறைந்தால் 20, அதாவது சுமை இரட்டிப்பு. கேச் மொத்தமாகக் காலியானால் 1000, நூறு மடங்கு. 10 கோரிக்கைக்குப் பழகிய டேட்டாபேஸ் அந்த 1000-ஐத் தாங்காது. அதனால் மானிட்டரிங் திரையில் ஹிட் விகிதத்தை மட்டும் வைக்காதீர்கள். நொடிக்கு எத்தனை மிஸ் என்பதையும் பக்கத்திலேயே வையுங்கள். ஆபத்தை முதலில் சொல்வது அந்த எண்தான்.

பிரவுசர்: திரும்பப் பெற முடியாத இடம்

வாசகருக்கு மிக அருகில் இருக்கும் கேச் அவருடைய பிரவுசர்தான். அதற்கு நாம் கட்டளையிடுவது சர்வர் பதிலோடு போகும் கேச்-கன்ட்ரோல் ஹெடர் (குறிப்பு வரி) மூலம். மேக்ஸ்-ஏஜ் 3600 என்று அனுப்பினால், ஒரு மணி நேரத்துக்கு அந்தக் கோப்பு வேண்டும்போது பிரவுசர் சர்வரிடம் கேட்கவே கேட்காது.

இங்கே பலரும் வழுக்கி விழுவது நோ-கேச் என்ற சொல்லில். அது "சேமிக்காதே" என்று சொல்லவில்லை. "சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டுவிட்டே பயன்படுத்து" என்கிறது. சேமிக்கவே கூடாது என்றால் நோ-ஸ்டோர். வங்கிக் கணக்குப் பக்கம், மருத்துவ அறிக்கை போன்றவற்றுக்கு நோ-ஸ்டோர்தான் சரி.

கேட்டுவிட்டுப் பயன்படுத்துவது எப்படி நடக்கிறது? சர்வர் முதல் பதிலோடு ஈடேக் என்ற அடையாளக் குறியை அனுப்பும். அடுத்த முறை பிரவுசர் அந்தக் குறியை இஃப்-நன்-மேட்ச் ஹெடரில் திருப்பி அனுப்பும். உள்ளடக்கம் மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும். 200 கிலோபைட் கோப்பு மறுபடி பயணப்படாது. போய்வரும் நேரம் மட்டும் மிச்சமாகாது.

ஹெடரே அனுப்பாவிட்டால் கேச் ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். கோப்பு கடைசியாக மாறிய தேதி பதிலில் இருந்தால், அன்றிலிருந்து கழிந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு பிரவுசர் தானாகவே வைத்துக்கொள்வது வழக்கம். 100 நாளுக்கு முன் மாறிய கோப்பு என்றால் 10 நாள். "நான் எதுவுமே செய்யவில்லை, ஆனால் பழைய சிஎஸ்எஸ்தான் வருகிறது" என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம். ஒவ்வொரு பதிலுக்கும் ஹெடரை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

பிரவுசர் கேச்சைப் பற்றி நெஞ்சில் பதிய வேண்டியது இது: அதற்குள் போனதை நம்மால் எட்டி அழிக்க முடியாது. முகப்புப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லுக்கு ஒரு வருட மேக்ஸ்-ஏஜ் கொடுத்து, அதில் தவறான விலை போயிருந்தால், அதைப் பெற்றவர் தானாக ரீலோட் செய்யும்வரை நம் கை கட்டுண்டுதான் இருக்கும். இதற்கு நன்கு தேறிய வழி ஒன்று உண்டு. படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளின் பெயரிலேயே அவற்றின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷைச் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியை) சேர்த்துவிடுங்கள். அவற்றுக்கு மேக்ஸ்-ஏஜ் 31536000, அதாவது ஒரு வருடம், கூடவே இம்யூட்டபிள் (மாறாதது) என்ற குறிப்பு. அவற்றைச் சுட்டும் ஹெச்டிஎம்எல் பக்கத்துக்கு நோ-கேச். கோப்பு மாறினால் பெயர் மாறும்; புதிய பெயரை ஹெச்டிஎம்எல் சொல்லும்; பழைய கேச் கிடந்தாலும் அதை யாரும் தேடமாட்டார்கள். வெப்பேக், வீட் போன்ற கருவிகள் இந்தப் பெயர் மாற்றத்தைத் தாமே செய்து தருகின்றன. ஒன்றே ஒன்று: புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய ஹாஷ் கோப்புகளை உடனே நீக்காதீர்கள். ஏற்கனவே திறந்திருக்கும் பக்கம் அவற்றைக் கேட்கும். கிடைக்காவிட்டால் உடைந்துபோன திரைதான் வரும். சில நாள் விட்டு நீக்குங்கள்.

சிடிஎன்: எல்லோருக்கும் ஒன்றா?

சென்னையில் இருப்பவர் அமெரிக்காவில் உள்ள சர்வரிடம் கேட்டால், ஒருமுறை போய்வரவே 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஒளியின் வேகத்தை நம்மால் கூட்ட முடியாது, தூரத்தைக் குறைக்கலாம். சிடிஎன் நிறுவனங்கள் பல ஊர்களில் சர்வர் வைத்து நம் பதில்களின் நகலை அங்கே தேக்கி வைக்கின்றன. சிடிஎன்னுக்கு மட்டும் தனிக் காலம் சொல்ல எஸ்-மேக்ஸ்ஏஜ் இருக்கிறது. நூல் அறிமுகப் பக்கத்துக்கு மேக்ஸ்-ஏஜ் 0, எஸ்-மேக்ஸ்ஏஜ் 3600 என்று வைப்பது நல்ல ஏற்பாடு: பிரவுசர் ஒவ்வொரு முறையும் கேட்கும், பக்கத்து ஊரிலேயே பதில் கிடைக்கும், அவசரம் என்றால் சிடிஎன்னில் இருப்பதை நாமே பர்ஜ் செய்யலாம், அதாவது அழித்துவிடலாம். பிரவுசரில் முடியாதது இங்கே முடிகிறது.

ஆனால் சிடிஎன் பலருக்கும் பொதுவானது. ஒருவருக்கான பதில் அங்கே தங்கிவிட்டால் அடுத்தவருக்குப் போகும். 2015 டிசம்பர் 25 அன்று வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் விளையாட்டுக் கடையில் நடந்தது இதுதான். தளத்தின் மேல் நடந்த டிடாஸ் தாக்குதலை (பொய்க் கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தை முடக்கும் முயற்சியை) சமாளிக்க கேச் விதிகளை மாற்றினார்கள். அவற்றில் ஒரு தொகுப்பு, உள்நுழைந்திருந்த பயனர்களின் பக்கங்களையும் பொதுக் கேச்சில் வைத்துவிட்டது. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு, கடையைத் திறந்தவர்கள் சிலர் வேறொருவரின் கணக்குப் பக்கத்தைப் பார்த்தார்கள்: பில்லிங் முகவரி, மின்னஞ்சல், வாங்கிய பட்டியல், கடன் அட்டையின் கடைசி இரண்டு இலக்கம். சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே பின்னர் அறிவித்தது. யாரும் உள்ளே புகுந்து திருடவில்லை. கேச் விதி ஒன்று தவறாகப் போனது, அவ்வளவுதான்.

ஆகவே உள்நுழைந்தவருக்கான எந்தப் பதிலுக்கும் பிரைவேட் (பொதுக் கேச்சில் வைக்காதே) என்ற குறிப்பு கட்டாயம். அந்தரங்கத் தகவல் உள்ள பக்கம் என்றால் நோ-ஸ்டோர். குக்கி அமைக்கும் பதிலைப் பொதுக் கேச்சில் விடவே கூடாது. விட்டால் ஒருவரின் செஷன் (உள்நுழைந்த நிலை) இன்னொருவர் கைக்குப் போகும். நம் புத்தகப் பக்கத்தில் பெயரும் கூடையும் இருப்பதால் முழுப் பக்கத்தையும் பொதுவாக வைக்க முடியாதே என்ற சிக்கல் வரும். பக்கத்தை எல்லோருக்கும் ஒன்றாக சிடிஎன்னில் வைத்து, பெயரையும் கூடை எண்ணையும் பக்கம் வந்தபின் ஜாவாஸ்கிரிப்ட் தனிக் கோரிக்கையில் எடுத்து நிரப்புவது எளிய தீர்வு. அந்தத் தனிக் கோரிக்கைக்கு நோ-ஸ்டோர்.

சிடிஎன்னில் ஹிட் குறைவாக இருந்தால் முதலில் யூஆர்எல்லைப் பாருங்கள். விளம்பரத்திலிருந்து வருபவர்களின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் ஒட்டிக்கொள்ளும் கண்காணிப்புச் சொற்கள் ஒரே பக்கத்தை நூறு வெவ்வேறு பக்கங்களாக்கிவிடும். அவற்றை கேச் கீயில் (சேமித்த பதிலைத் தேடி எடுக்கும் பெயரில்) சேர்க்காதே என்று சிடிஎன்னில் அமைத்துவிடலாம். எதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று சொல்லும் வேரி ஹெடரில் யூசர்-ஏஜென்ட் (பிரவுசரின் அடையாளம்) எழுதியிருந்தாலும் இதே கதிதான்.

ரெடிஸும் மெம்கேச்டியும்: சர்வர் பக்கத்து கேச்

லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003இல் எழுதியது மெம்கேச்டி. சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்டது ரெடிஸ். இரண்டுமே ராமில் கீ-மதிப்பு ஜோடிகளை வைத்திருக்கும் சர்வர்கள். அப்ளிகேஷன் ப்ராசஸின் நினைவகத்திலேயே வைத்துக்கொள்வது இன்னும் வேகம். ஆனால் நான்கு சர்வர் இருந்தால் நான்கு தனி நகல். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யும்போதெல்லாம் விலை 250, 300, 250 என்று மாறி மாறித் தெரியும். அதனால் மாவட்டப் பட்டியல், மொழிப் பட்டியல் போல அரிதாக மாறுவதை மட்டும் அங்கே வையுங்கள்.

மிகப் பரவலான முறை கேச்-அசைட். படிக்கும்போது "புத்தகம்:1042" என்ற கீயை கேச்சில் தேடு, இருந்தால் கொடு, இல்லையென்றால் டேட்டாபேஸில் எடுத்து, 300 நொடி டிடிஎல்லுடன் (காலாவதி நேரத்துடன்) கேச்சில் வைத்துவிட்டுக் கொடு. மாற்றும்போது டேட்டாபேஸை மாற்று. கமிட் ஆனபின் (மாற்றம் டேட்டாபேஸில் உறுதியானபின்) கீயை அழி.

இந்தக் கடைசி வரியில் இரண்டு நுட்பம் இருக்கிறது. ஏன் அழிக்க வேண்டும், புதிய மதிப்பையே கேச்சில் எழுதிவிடலாமே? இரண்டு ஊழியர்கள் அடுத்தடுத்து விலையை 300 என்றும் 320 என்றும் மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். டேட்டாபேஸில் 320 நிற்கும். கேச்சுக்கு 320 முதலிலும் 300 பின்னாலும் வந்துசேர்ந்தால் அங்கே 300 நின்றுவிடும். அழிப்பது எந்த வரிசையில் நடந்தாலும் ஒன்றே. ஏன் கமிட்டுக்குப் பின்? முன்பே அழித்தால், கமிட் ஆவதற்குள் வரும் வேறொரு கோரிக்கை பழைய மதிப்பை எடுத்து மறுபடி கேச்சில் வைத்துவிடும்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு சந்து மிச்சம். ஒரு கோரிக்கை மிஸ் ஆகி டேட்டாபேஸிலிருந்து 250 என்று படிக்கிறது. அதைக் கேச்சில் எழுதுவதற்குள், ஊழியர் விலையை 300 ஆக்குகிறார். கீ அழிக்கப்படுகிறது, ஆனால் அங்கே அழிக்க ஒன்றுமில்லை. இப்போது முதல் கோரிக்கை தன் கையில் இருக்கும் 250-ஐக் கேச்சில் எழுதுகிறது. இனி டிடிஎல் முடியும்வரை 250தான். அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் பரபரப்பான தளத்தில் நடந்தே தீரும். "மாற்றும்போது அழிக்கிறோமே, டிடிஎல் எதற்கு" என்று கேட்பவருக்குப் பதில் இதுதான். ஒவ்வொரு கீக்கும் டிடிஎல் கொடுங்கள், விதிவிலக்கே வேண்டாம். ரெப்ளிகாவிலிருந்து (டேட்டாபேஸின் நகலிலிருந்து) படிக்கும் அமைப்பு என்றால் இந்தச் சந்து இன்னும் அகலம், ஏனெனில் ரெப்ளிகா சற்றுப் பின்தங்கியே இருக்கும்; அங்கே கீயை உடனே ஒருமுறையும், ஓரிரு நொடி கழித்து இன்னொரு முறையும் அழிப்பார்கள்.

வேறு முறைகளும் உண்டு. ரைட்-த்ரூவில் எழுதும் ஒவ்வொரு மாற்றமும் கேச் வழியாக டேட்டாபேஸுக்குப் போகும். எழுதியதை உடனே படிக்கும் இடங்களுக்கு ஏற்றது. ரைட்-பிஹைண்டில் முதலில் கேச்சில் எழுதி, டேட்டாபேஸுக்குப் பிறகு மொத்தமாக அனுப்புவார்கள். இடையில் கேச் சர்வர் விழுந்தால் எழுதியது போயிற்று. பக்கப் பார்வை எண்ணிக்கைக்குப் பயன்படுத்தலாம், ஆர்டருக்கு ஒருபோதும் கூடாது. புதியவர்கள் கேச்-அசைடிலேயே வெகுதூரம் போகலாம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் மிஸ் ஆனால்

முகப்பில் இருக்கும் "அதிகம் விற்றவை" பட்டியலைத் தயாரிக்க 2 நொடி ஆகிறது. நொடிக்கு 200 பேர் கேட்கிறார்கள். டிடிஎல் முடிந்த கணத்தில் முதல் ஆள் மிஸ் ஆகிறார். அவருடைய குவரி முடிவதற்குள் 400 பேர் வந்துவிடுவார்கள். 400 பேருக்கும் கேச் காலி. 400 கனமான குவரி டேட்டாபேஸில் விழும். அந்தச் சுமையில் 2 நொடி 20 ஆகும், கூட்டம் இன்னும் சேரும். இதற்குக் கேச் ஸ்டாம்பீட் என்று பெயர்.

ஃபேஸ்புக் 2010 செப்டம்பர் 23 அன்று சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது இதன் உறவுக்காரப் பிழையால். ஓர் அமைப்பு மதிப்பு தவறாக மாற்றப்பட்டது. தவறான மதிப்பைக் கேச்சில் கண்ட ஒவ்வொரு கிளையண்டும் (கேச்சைப் பயன்படுத்தும் நிரலும்) அதைச் சரிசெய்ய டேட்டாபேஸிடம் ஓடியது. நொடிக்கு லட்சக்கணக்கான குவரியில் டேட்டாபேஸ் திணறிப் பிழை தந்தது. அந்தப் பிழையையும் "தவறான மதிப்பு" என்றே எடுத்துக்கொண்டு கேச் கீயை அழித்தன கிளையண்டுகள். அதனால் மறுபடி மிஸ், மறுபடி குவரி. மூலக் கோளாறைச் சரிசெய்த பிறகும் சுழற்சி நிற்கவில்லை; தளத்தையே நிறுத்தித்தான் அதை உடைத்தார்கள். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி நேரடியானது: டேட்டாபேஸ் பிழை தந்தால் கேச்சில் இருப்பதை அழிக்காதே, பழையதையே கொடு.

ஸ்டாம்பீடைத் தடுக்க எளிதான முதல் படி, டிடிஎல்லைச் சிதறவிடுவது. எல்லாக் கீக்கும் சரியாக 300 என்று வைக்காமல், 300-உடன் 0 முதல் 60 வரை ஏதோ ஒரு எண்ணைக் கூட்டுங்கள். ஒரே நேரத்தில் ஏற்றிய ஆயிரம் கீக்கள் ஒரே நேரத்தில் காலாவதியாகாது. ஆனால் ஒரே கீயை எல்லோரும் கேட்கும் இடத்தில் இது உதவாது. அங்கே பூட்டு வேண்டும். மிஸ் ஆனவர் ரெடிஸில் ஒரு பூட்டுக் கீயை "ஏற்கனவே இல்லாவிட்டால் மட்டும் வை, 10 நொடியில் காலாவதி" என்ற நிபந்தனையோடு வைக்க முயல்வார். செட் கட்டளையின் என்எக்ஸ், இஎக்ஸ் விருப்பங்கள் இதை ஒரே கட்டளையில் செய்யும். வைக்க முடிந்தவர் மட்டும் குவரி ஓட்டுவார். மற்றவர்கள் 50 முதல் 100 மில்லிநொடி காத்திருந்து மறுபடி கேச்சைப் பார்ப்பார்கள். பூட்டின் காலம் குவரியின் நேரத்தைவிடத் தாராளமாக நீளமாக இருக்க வேண்டும். காலாவதியே இல்லாத பூட்டு வேண்டாம்; பிடித்த ப்ராசஸ் செத்துவிட்டால் அந்தப் பட்டியல் என்றைக்கும் புதுப்பிக்கப்படாது.

காத்திருக்க வைப்பதைவிடப் பழையதைக் கொடுப்பது பெரும்பாலும் நல்லது. மதிப்போடு "5 நிமிடத்தில் பழையதாகும்" என்ற நேரத்தையும் உள்ளே எழுதி, ரெடிஸின் டிடிஎல்லை ஒரு மணி நேரமாக வையுங்கள். 5 நிமிடம் தாண்டியதும் ஒருவர் மட்டும் பின்னணியில் புதுப்பிப்பார். மற்ற 399 பேருக்கும் ஆறு நிமிடப் பழைய பட்டியல் உடனே கிடைக்கும். "அதிகம் விற்றவை" ஆறு நிமிடம் பழையது என்று யாரும் வருந்தப் போவதில்லை. சிடிஎன்னிலும் இதே வேலையைச் செய்ய ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட் என்ற குறிப்பு இருக்கிறது. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், மிஸ் ஆனவர்களில் ஒருவருக்கு மட்டும் டோக்கன் (அனுமதிச் சீட்டு) கொடுத்து நிரப்பச் சொல்லும் முறையை விவரித்திருக்கிறார்கள். ஸ்டாம்பீடுக்கு ஆளாகும் ஒரு தொகுதிக் கீக்களில், உச்ச டேட்டாபேஸ் குவரி நொடிக்கு 17,000-இலிருந்து 1,300 ஆகக் குறைந்தது. முன்பு 250, 300 விலையில் பார்த்த சந்தும் அதே டோக்கனால் அடைபடுகிறது: கீ அழிக்கப்பட்டால் டோக்கன் செல்லாது, பழைய மதிப்பை எழுத வருபவர் திருப்பி அனுப்பப்படுவார்.

இல்லாத ஒன்றைக் கேட்பவர்களும் இதே சேதம் செய்வார்கள். 9999999 என்ற எண்ணில் புத்தகமே இல்லை. எனவே கேச்சில் என்றும் இருக்காது. ஒவ்வொரு கோரிக்கையும் டேட்டாபேஸுக்கே போகும். "இல்லை" என்ற பதிலையும் 30 முதல் 60 நொடிக்குச் சேமியுங்கள்.

ராம் நிறைந்தால், கேச் விழுந்தால்

ரெடிஸை நிறுவியபடியே ஓட்டினால் 64-பிட் கணினியில் நினைவக வரம்பு கிடையாது; இருக்கும் ராமை எல்லாம் தின்னும். மேக்ஸ்மெமரி என்ற வரம்பை மட்டும் கொடுத்தாலும் போதாது. இயல்புக் கொள்கை நோஎவிக்‌ஷன் (எதையும் வெளியேற்றாதே); வரம்பு நிறைந்ததும் புதிதாக எழுதும் கட்டளைகள் பிழை தரும். வெறும் கேச்சாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஆல்கீஸ்-எல்ஆர்யூ வையுங்கள். வெகுநேரம் தொடாத கீக்கள் தாமாக வெளியேறும். செஷன்களும் வேலை வரிசையும் அதே ரெடிஸில் இருந்தால் அவையும் வெளியேறும் என்பதால், அவற்றுக்குத் தனி ரெடிஸ் வேண்டும். மெம்கேச்டியின் இயல்பு நினைவகம் 64 மெகாபைட், ஒரு மதிப்பின் உச்சம் 1 மெகாபைட், கீயின் நீளம் 250 பைட். அதில் டிடிஎல் 2592000 நொடியைத் தாண்டினால், அதாவது 30 நாளைத் தாண்டினால், அந்த எண்ணை யூனிக்ஸ் நேரமாக, அதாவது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடியாக, எடுத்துக்கொள்ளும். 1970இல் ஏதோ ஒரு நாளைக் குறித்ததாகி, வைத்த உடனே காலாவதி. 60 நாள் கொடுத்துவிட்டு ஏன் எதுவுமே தங்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பொறி இது.

கீயின் பெயரில் பதிப்பு எண்ணைச் சேருங்கள்: "புத்தகம்:ப3:1042". மதிப்பின் வடிவத்தை மாற்றி, புது நிரலை ஏற்றும்போது ப4 ஆக்கினால், பழைய வடிவத்தைப் படித்துப் புது நிரல் உடையாது. மொழி, நாணயம் என்று பதிலை மாற்றும் எதுவானாலும் கீயில் இருந்தே ஆக வேண்டும். விட்டால் தமிழ்ப் பக்கம் கேட்டவருக்கு ஆங்கிலப் பக்கம் போகும். ஓடிக்கொண்டிருக்கும் ரெடிஸில் கீஸ் கட்டளையை மட்டும் ஓட்டாதீர்கள். எல்லாக் கீயையும் துழாவி முடிக்கும்வரை மற்ற எல்லோரையும் நிறுத்திவைக்கும். அதற்கு ஸ்கேன் இருக்கிறது.

தளத்தைத் திறப்பதற்கு முன், சோதனைச் சூழலில் ரெடிஸை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பக்கம் மெதுவாக வந்தால் சரி. 500 பிழை (சர்வர் கோளாறு) வந்தால், கேச்சை அழைக்கும் இடத்தில் பிழையைப் பிடித்து மிஸ்ஸாகக் கருதும் வரிகள் விடுபட்டிருக்கின்றன. பக்கம் 30 நொடி தொங்கினால் கிளையண்டின் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) நீளம். 100 மில்லிநொடி அளவுக்குக் குறையுங்கள். பிறகு ரெடிஸைக் காலியாகத் தொடங்கி, வழக்கமான சுமையை ஒரேயடியாக விடாமல், 10 சதவீதம், 30 சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே டேட்டாபேஸின் சிபியுவைக் கவனியுங்கள். எந்தப் படியில் அது மூச்சு வாங்குகிறதோ, அதுவரைதான் கேச் இல்லாமல் உங்கள் தளம் தாங்கும்.